நகல் பெடலை நேர்மையாக விற்பது எப்படி: மலையகத்தில் கிற்றார் பெடல் செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா, கண்டி போன்ற ஊர்களில் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் திருவிழா மேடைகளிலும் கல்யாண வீடுகளிலும் கிற்றார் வாசிக்கும் இளைஞர்களுக்கு, வெளிநாட்டு நிறுவனத்தின் ஒலிமாற்றிப் பெடல் (கிற்றாரின் ஒலியை மாற்ற காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி) ஒன்று இன்று எளிதில் எட்டாத பொருளாகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே சோல்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவர், இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தைப் பார்த்து ஒரு பெடலைச் செய்து, அதே ஒலியை மிகக் குறைந்த விலைக்கு நண்பருக்குக் கொடுப்பதும், அந்த நண்பரின் நண்பர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்பதும், கொஞ்ச நாளில் அது ஒரு சிறு தொழிலாக மாறுவதும் இயல்பாக நடக்கின்றன. ‘நாம் செய்து கொடுக்காவிட்டால் அவர்கள் எப்படியும் வாங்கப்போவதில்லையே’ என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி சொல்லப்படும் நியாயம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒருவருடைய மின்சுற்றை எடுத்துச் செய்வதற்கு அது ஓரளவு சமாதானமாகலாம். அவருடைய பெயரைப் பெட்டியின் மேல் எழுதுவதற்கு ஒருபோதும் சமாதானமாகாது. இந்த வேறுபாட்டை வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதையே கீழே விளக்குகிறேன்.

எதை நகலெடுக்கிறீர்கள் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

ஒரு பெடலை நகலெடுக்கிறோம் என்று சொல்லும்போது நான்கு தனித்தனிப் பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது மின்சுற்று, அதாவது எந்த டிரான்சிஸ்டரின் எந்தக் கால் எந்த ரெசிஸ்டரோடு சேர்கிறது என்ற இணைப்பு முறை. இரண்டாவது, அந்தச் சுற்றைச் செப்புப் பூசிய போர்டில் எந்த வழியாக ஓடவிடுவது என்று ஒருவர் உட்கார்ந்து வரைந்த வரைபடம். மூன்றாவது, பெயரும் நிறமும் எழுத்து வடிவமும் சேர்ந்த வெளித்தோற்றம். நான்காவது, டிஜிட்டல் பெடல்களில் மட்டும் இருக்கும் கணினி நிரல்.

இலங்கையில் இவற்றை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆள்கிறது. பதிவு வேலைகளைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் கவனிக்கிறது. பதிப்புரிமை ஒரு கருத்தையோ செயல்முறையையோ காப்பதில்லை, அது எழுதப்பட்ட அல்லது வரையப்பட்ட வடிவத்தையே காக்கிறது. சுற்று ஒரு செயல்முறை என்பதால், அதனைச் சுற்றி வேலி போடக்கூடியது பெரும்பாலும் பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமை மட்டுமே. அதன் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்; அதுவும் எந்த நாட்டில் பெறப்பட்டதோ அந்த நாட்டுக்குள்ளேயே செல்லுபடியாகும். வியாபாரக் குறி அப்படியல்ல. அதனைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்பதால், சுற்று பொதுச்சொத்தாகி அரை நூற்றாண்டு கடந்த பின்னும் பெயர் மட்டும் உரிமையாளரிடமே இருக்கும்.

இதன் நடைமுறைப் பொருள் மிக எளிது. 1962இல் மேஸ்ட்ரோ வெளியிட்ட ஃபஸ்-டோன் (ஃபஸ் என்பது ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல் வகை), 1966இல் லண்டனின் ஆர்பிட்டர் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், 1969இல் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் வெளியிட்ட பிக் மஃப், 1978இல் வந்த பொஸ் டிஎஸ்-1, 1970களின் இறுதியில் வந்த இபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் ஆகியவற்றின் சுற்றுகளை நீங்கள் தாராளமாக எடுத்துச் செய்யலாம். இரண்டே டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஃபஸ் ஃபேஸே, அதே காலத்து டோன் பெண்டர் என்ற பெடலின் ஒரு வடிவத்துக்கு மிக நெருங்கிய உறவு. பெடல்களின் வரலாறு ஒருவர் சுற்றை மற்றவர் பார்த்துத் திருத்திய வரலாறுதான் என்பதால், பழைய சுற்றைத் தொட்டதற்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

நீதிமன்றம் வரை போன சச்சரவுகளும் இதையே காட்டுகின்றன. பொஸ் பெடல்களின் உரிமையாளரான ரோலண்ட் நிறுவனம் 2005இல் பெரிங்கர் நிறுவனத்தின்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தபோது, அதன் குற்றச்சாட்டு பெரிங்கரின் பெடல்கள் பொஸ் பெடல்களைப் போலவே தோன்றுகின்றன என்பதாக இருந்தது. மறு ஆண்டில் இரு தரப்பும் இணங்கிக்கொண்டன, பெரிங்கரின் பெட்டிகளும் வேறு உருவம் எடுத்தன. பில் ஃபினகன் என்ற அமெரிக்கர் 1994 முதல் ஏறக்குறைய 8,000 என்ற அளவில் செய்து விற்ற க்ளோன் சென்டார் பெடலின் கதையும் இப்படித்தான். அவர் தம் சுற்றை யாரும் பார்க்காதிருக்க அதன்மேல் ரெசின் ஊற்றி மூடினார். சிலர் ரெசினை உரித்துப் பார்த்து வரைபடத்தை வெளியிட்டார்கள். அதன்பின் எண்ணற்ற நகல்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை வழக்கைச் சந்திக்கவில்லை. 2024இல் பெரிங்கர் நிறுவனம் சென்டார் என்ற பெயரோடும் ஃபினகனின் பெட்டியிலிருந்த அதே குதிரைமனிதன் உருவத்தோடும் ஒரு பெடலை வெளியிட்டபோதுதான் அவர் நீதிமன்றம் சென்றார்; அந்தப் பெடலின் பெயர் பின்னர் மாற்றப்பட்டது.

போர்ட் வரைபடம்: பலரும் கவனிக்காத திருட்டு

நம் பக்கத்தில் பெடல் செய்வோர் பெரிய நிறுவனங்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்குத் தோன்றுவது, இந்தத் தொழிலில் உண்மையில் ஏமாற்றப்படுகிறவர் வேறொருவர். பழைய சுற்று ஒன்றை எடுத்து, இரைச்சல் குறையும்படி தரைக்கம்பியை ஒழுங்குபடுத்தி, சிறிய அலுமினியப் பெட்டிக்குள் அடங்கும்படி போர்டை வரைந்து, தம்மைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்கு இலவசமாகத் தந்த அந்த ஒற்றை மனிதரே அவர். சுற்று பொதுச்சொத்தாக இருக்கலாம். அவர் வரைந்த வரைபடம் அவருடையது. அத்தகைய வரைபடங்களில் சில ‘சொந்தப் பாவனைக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு வருகின்றன. சில, குறைந்த எண்ணிக்கையில் விற்பதை அனுமதிக்கின்றன. சில முழுவதும் திறந்தவை. கோப்பைத் தரவிறக்கும் அன்றே அந்த நிபந்தனையை வாசித்து, அதன் படம் ஒன்றையும் சேமித்து வையுங்கள். ஒன்றும் எழுதப்படவில்லை என்றால் அதனை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விற்க அனுமதி இல்லாத வரைபடம்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் மூன்று வழிகள் உண்டு. அவர் போர்டாகவே அச்சிட்டு விற்பவராக இருந்தால், விற்பனைக்குச் செய்யவும் அனுமதிக்கிறாரா என்று உறுதிசெய்துகொண்டு அவரிடமே போர்டுகளை வாங்குங்கள். உழைத்தவருக்குப் பணம் போய்ச் சேர இதைவிட நேரான வழி இல்லை, போர்டுகள் தட்டையாகவும் எடை குறைவாகவும் இருப்பதால் தபாலில் வருவதும் கடினமன்று. அல்லது அவருக்கு எழுதிக் கேளுங்கள்: எந்தப் போர்ட், ஏறத்தாழ எத்தனை, என்ன விலைக்கு விற்கப்போகிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் அவருக்கு என்ன கொடுக்க முடியும் என்பதை மறைக்காமல் எழுதினால், பலரும் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பார்கள், மறுப்பவர்களும் இருப்பார்கள், மறுத்தால் விட்டுவிட வேண்டியதுதான். மூன்றாவது வழி, சுற்றை மட்டும் வைத்துக்கொண்டு போர்டை நீங்களே வரைவது. இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ் ஒன்றுக்கு, செப்புக் கீற்றுகளோடு ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்ட்ரிப்போர்டில் அமைப்பு வரைவது ஒரு மாலை நேர வேலை. அதனைச் செய்ய முடியாதவர் இன்னும் விற்பனைக்குத் தயாராகவில்லை என்றே நான் கருதுவேன்.

டிஜிட்டல் பெடல்களில் விதி இன்னும் கண்டிப்பானது. பிடி2399 சிப்பை வைத்து எக்கோ செய்வதில் சிக்கல் எதுவும் இல்லை, ஏனெனில் அது எவரும் வாங்கக்கூடிய பொதுச் சிப். எஃப்வி-1 சிப்பைச் சுற்றிச் செய்யப்பட்ட, பெரிய மண்டபத்தில் ஒலி முழங்குவது போன்ற விளைவைத் தரும் ரிவர்ப் பெடலில், பக்கத்திலுள்ள நினைவுச் சிப்பிலிருந்து நிரலைப் படித்து மற்றொன்றில் எழுதுவது, பார்ப்பதற்கு அதே போன்ற சிறு வேலையாகத் தோன்றினாலும், இன்னொருவர் எழுதிய நிரலைத் திருடுவதாகும். அதனைச் செய்யாதீர்கள்.

சட்டம் அனுமதித்தாலும் விட்டுவிட வேண்டியவை

சட்டம் சும்மா இருக்கும் இடங்களில் முடிவெடுப்பதுதான் கடினம். இரண்டு கேள்விகள் எனக்கு உதவியாகத் தோன்றுகின்றன: மூலத்தைச் செய்தவர் இப்போதும் அதனை விற்றுக்கொண்டிருக்கிறாரா; அவர் எவ்வளவு சிறியவர்? ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யும் நிறுவனத்தின் நாற்பது ஆண்டுப் பழைய சுற்றை ஹட்டனில் ஒருவர் மாதம் ஒன்றிரண்டு செய்து விற்பதால் எவருடைய அடுப்பும் அணையாது. தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ இருந்து, சொந்தமாக யோசித்த சுற்றை இப்போது விற்றுவரும் ஒருவருடைய பெடலை நகலெடுப்பது, அதே எண்ணிக்கையில் செய்தாலும் வேறு காரியம். அவர் இருப்பது கனடாவாக இருந்தாலும் பதுளையாக இருந்தாலும் நியாயம் ஒன்றே.

பதுளையாக இருந்தால் சங்கடம் கூடும். மலையகத்தில் கையால் பெடல் செய்வோர் ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டம். ஒரே இசைக்குழுக்களே வாடிக்கையாளர்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தாமே உருவாக்கிய பெடலைத் திறந்து பார்த்துச் செய்து தரும்படி யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், பழுது பார்த்துக் கொடுங்கள், நகல் மட்டும் செய்யாதீர்கள். ‘அவர்கிட்டயே கேளுங்க தம்பி, அவரு செஞ்சு தருவாரு’ என்று அனுப்பிவிடுங்கள். அவர் செய்வதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். மனமாரக் கொடுத்துவிடுவார் என்பதே பெரும்பாலும் நடக்கக்கூடியது.

மாற்றம் செய்தவுடன் ‘இது என் சொந்த வடிவமைப்பு’ என்று அறிவித்துவிடும் பழக்கமும் உண்டு. டியூப் ஸ்க்ரீமரின் இயல்பு, ஒலியைப் பெருக்கும் சிப்பான ஆப்-ஆம்பின் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராக வைக்கப்பட்ட இரண்டு டயோட்களிலிருந்து வருகிறது. நீங்கள் அந்த டயோட்களை எல்இடிகளாக மாற்றி, பாஸ் சற்றுக் கூடும்படி ஒரு கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால், அது நல்லதொரு மாற்றம். ஆயினும் அது டியூப் ஸ்க்ரீமர்தான். அதனைத் திருத்தப்பட்ட டியூப் ஸ்க்ரீமர் சுற்று என்றே சொல்லுங்கள். சுற்றின் அமைப்பையே மாற்றி, மூலத்தை அறிந்தவர் வரைபடத்தைப் பார்த்தாலும் அதை அடையாளம் காணத் தயங்கும் நிலை வரும்போது, உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல் என்ன எழுதுவது

சொந்தப் பெயர் ஒன்றை வையுங்கள். மூடுபனி, கொழுந்து, பெரியகான் என்று நம்மிடம் பெயருக்கா பஞ்சம்? மூலப் பெயரில் ஓர் எழுத்தைத் திருப்பி, வாங்குபவர் கண்சிமிட்டிப் புரிந்துகொள்ளும்படி வைக்கும் பெயர்கள் பெடல் உலகில் ஏராளம். எனக்கு அவை பிடிப்பதில்லை. அடுத்தவர் புகழைக் கடன் வாங்குவதை நகைச்சுவையாக்கிவிடுகின்றன, அவ்வளவுதான். டியூப் ஸ்க்ரீமரைப் போலப் பச்சை நிறமே வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் பச்சை அடிப்பதில் தவறில்லை. பச்சையோடு அதே இடத்தில் அதே வடிவ எழுத்தும் மூன்று குமிழ்களின் அதே அமைப்பும் சேர்ந்து, மேடையில் இரண்டடி தூரத்திலிருந்து பார்ப்பவர் மூலம் என்று எண்ணும் நிலை வந்தால் எல்லை கடந்துவிட்டது.

மூலத்தின் பெயரை உண்மையைச் சொல்வதற்காகப் பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் வேண்டும். பெட்டியின் அடிப்பக்கத்தில் இப்படி எழுதலாம்: ‘டியூப் ஸ்க்ரீமர் சுற்றை அடிப்படையாகக் கொண்டு ஹட்டனில் கையால் செய்யப்பட்டது. இபனெஸ் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.’ அதன்கீழ் செய்த ஆண்டும், போர்டை வரைந்தவர் வேறொருவர் என்றால் அவர் பெயரும் இருக்கட்டும். இதனை வாயால் சொன்னால் போதாது. நீங்கள் உண்மையைச் சொல்லி விற்ற பெடலை அந்த நண்பர் இரண்டு வருடத்தில் கொழும்பில் ஒருவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு விற்பார். மூன்றாம் கையில் அது ‘வெளிநாட்டுச் சாமான்’ ஆகிவிடுவது வழக்கம். ஒட்டுத்தாள் உரிந்துவிடும் என்பதால், மூடியின் உட்புறத்தில் அழியாத பேனாவால் எழுதுவதோ ஊசியால் கீறுவதோ நல்லது.

வாங்குபவரிடம் சொல்ல வேண்டியவை

‘அண்ணே, இது ஒரிஜினல் சவுண்ட்தானே?’ என்று கேட்பவருக்கு, சுற்று அதுதான், பாகங்கள் இன்னவை, செய்தது நான் என்று பதில் சொல்லுங்கள். பாகங்களைப் பற்றிச் சொல்லும்போது கூடுதல் கவனம் தேவை. ஜேஆர்சி4558 என்று மேலே அச்சிடப்பட்ட சிப்கள் எல்லாம் ஜேஆர்சி நிறுவனத்தில் பிறந்தவை அல்ல; பெயர் பெற்ற சிப்களுக்குப் போலி அச்சிட்டு விற்பது உலகம் முழுவதும் நடக்கிறது. புறக்கோட்டையிலோ இணையத்திலோ வாங்கிய சிப்பின் பிறப்பை உங்களால் நிரூபிக்க முடியாதென்றால், ‘4558 வகை சிப்’ என்று மட்டும் சொல்லுங்கள். ஒலியில் பெரிய வித்தியாசம் இராது, மனதில் உறுத்தலும் இராது என்பது நிச்சயம்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் விற்பவர்களுக்கு மலையகத்தில் ஒரு தனிக் கடமை உண்டு. ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் வெப்பத்தோடு வேகமாகக் கூடும். ஏறத்தாழ 10 பாகை உயர்ந்தால் இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. கொழும்பில் அது 27 பாகைக்கு மேல். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் எனப்படும் காலில் 4.5 வோல்ட் அளவில் நிற்கும்படி நீங்கள் நுவரெலியாவில் ஒரு குளிர்ந்த காலையில் சரிசெய்து கொடுத்த ஃபஸ், கொழும்பில் விளக்கு வெளிச்சத்தின் கீழ் மேடையில் வேறு இடத்துக்கு நகர்ந்து, ஒலி கம்மி, திக்கித் திக்கி வரும். வாங்குபவர் பெடல் பழுது என்று நினைப்பார். ஆகவே எங்கே வாசிக்கப்போகிறார் என்று கேளுங்கள். கீழ்நாட்டுக்குப் போகிறவர் என்றால், அந்த வோல்ட் அளவை வெளியிலிருந்தே திருப்பிச் சரிசெய்யக்கூடிய பயஸ் குமிழ் ஒன்றை வையுங்கள், அல்லது பிசி108 போன்ற சிலிக்கன் டிரான்சிஸ்டரைப் போட்டு, ஒலி சற்றுக் கூர்மையாக இருக்கும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் வைத்த பழைய ஜெர்மானியம் ஃபஸ்களில் நேர்முனை தரையோடு சேர்ந்திருக்கும். அதனை, நடுமுனை எதிர்மறையான வழக்கமான 9 வோல்ட் அடாப்டரிலிருந்து கிளைக்கம்பி மூலம் மற்றப் பெடல்களோடு சேர்த்து இணைத்தால் அடாப்டரே குறுக்குச் சுற்றாகும். இதனைச் சொல்லாமல் விற்பது, என் கணக்கில், போலிப் பெயர் எழுதுவதைவிடப் பெரிய குற்றம். அந்தப் பெடலுக்கு பற்றரி மட்டுமே என்று பெட்டியிலேயே எழுதுங்கள். மற்றப் பெடல்களில் முனை மாறினால் காப்பாற்ற 1என்5817 போன்ற ஒரு டயோட் போதும். அதன் விலையை மிச்சம்பிடிக்க வேண்டாம். 230 வோல்டில் நேரடியாக இயங்கும் அடாப்டரை நீங்களே செய்து பெடலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

விலையும் மறைப்பும்

உதிரிப்பாகங்களின் செலவு, உங்கள் மணித்தியாலக் கூலி, பழுது வந்தால் பார்ப்பதற்கான சிறு தொகை ஆகிய மூன்றையும் கூட்டி விலை வையுங்கள். மூலப் பெடல் வெளிநாட்டில் என்ன விலை போகிறது என்பதை உங்கள் விலைப்பட்டியலில் குறிப்பிடுவது, நீங்கள் செய்யாத வேலைக்குக் கூலி கேட்பதாகும். க்ளோன் சென்டார் ஒன்று பழைய பொருளாக ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கப்படுவதற்குக் காரணம் அதன் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்கள் அல்ல; ஆகையால் அதன் நகலுக்கும் டியூப் ஸ்க்ரீமர் நகலுக்கும் இடையே இருக்க வேண்டிய விலை வித்தியாசம், கூடுதல் பாகங்களின் விலையும் கூடுதல் அரைமணி நேர உழைப்பும் மட்டுமே.

போர்டின்மேல் எபொக்சி ஊற்றி மூடுவதையும் சிப்பின் எண்ணைச் சுரண்டுவதையும் நகல் செய்வோர் சிலர் பின்பற்றுகிறார்கள். தம் சொந்தக் கண்டுபிடிப்பை மறைத்த ஃபினகனுக்கு ஒரு காரணம் இருந்தது. இணையத்தில் எடுத்த வரைபடத்தை இன்னொருவர் எடுத்துவிடுவார் என்று அஞ்சி மூடுபவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? மூடிய போர்டைப் பழுது பார்க்கவும் முடியாது. மழைக்காலத்து ஈரத்தில் ஜாக்குகளும் சுவிட்ச்களும் கறுத்துப்போகும் நம் ஊரில் பழுது வராமலும் இராது. மூடுவதற்குப் பதிலாக, சுற்றின் வரைபடத்தை மடித்து மூடிக்குள் வைத்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர் அதனைத் திருத்திக் கொடுப்பார்.

போர்டை வீட்டிலேயே அரித்து எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயன்படுத்திய ஃபெரிக் குளோரைட் கரைசலில் செம்பு கரைந்திருக்கும். அதனை லயத்துக்குப் பின்னாலுள்ள கானில் ஊற்றினால், அது கீழ்க் கணக்கில் (தோட்டப் பிரிவில்) உள்ளவர்கள் குடிக்கும் பீலிக்கே போய்ச் சேரலாம். சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை அடங்கியபின் அடியில் படியும் மண்டியைப் பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து வையுங்கள், தண்ணீரில் கொட்டாதீர்கள்.

கடைசியாக, நிறுத்த வேண்டிய நேரம் ஒன்று வரலாம். நீங்கள் நகலெடுக்கத் தொடங்கியபோது சந்தையில் இல்லாத பெடலை, அதனை உருவாக்கியவர் மீண்டும் செய்து விற்கத் தொடங்கக்கூடும். ஃபினகனே சென்டாரை நிறுத்திய சில ஆண்டுகளுக்குப் பின் 2012இல் கேடிஆர் என்ற பெயரில் அதன் அடுத்த வடிவத்தைக் கொண்டுவந்தார். அப்படி மீண்டும் விற்கத் தொடங்குபவர் சிறிய உற்பத்தியாளர் என்றால் புதிய கோரிக்கைகளை ஏற்பதை நிறுத்துங்கள்; முற்பணம் கொடுத்துவிட்டவர்களிடம் மூலமே இப்போது கிடைக்கிறது என்பதைச் சொல்லி, பணத்தைத் திரும்பப் பெறுவதா பெடலை வாங்குவதா என்ற தெரிவை அவர்களிடமே விடுங்கள். ஏற்கெனவே விற்றவற்றுக்கு நீங்கள் கொடுத்த பழுதுபார்க்கும் உறுதிமொழி மட்டும் தொடர வேண்டும்.